தீப்பெட்டி இல்லாமல் ஒரு மலையேற்றம்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் நின்று மேற்கே பார்த்தால், வெயில் ஏறுவதற்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீலக்கோடாகத் தெரியும். இருபது வருடமாக அந்தக் கோட்டை வாசலில் இருந்தே பார்த்தவன், ஒரு மாசிப் பௌர்ணமி அன்று தனியாகச் சதுரகிரிக்குக் கிளம்பிவிட்டான். "கண்டிப்பா வாரோம் மாப்ள" என்று சத்தியம் செய்த இரண்டு பேரும் காலையில் போனையே எடுக்கவில்லை. (எந்தக் கல்லூரியில்தான் இது நடக்காது?)

நல்லதாகப் போயிற்று. அவனுக்கும் கொஞ்சம் தனியாக யோசிக்க வேண்டியிருந்தது. பட்டாசு ஆலை போர்மேன் வேலைக்கான பயிற்சியில் சேர்கிறானா என்று மாமா கேட்டிருந்தார். ராத்திரிக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவும் பட்டாசுக்குத்தான் போகிறார். ஆனால் அவனுக்குப் பயம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஆலை வெடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். காப்பாற்ற ஓடியவர்களும் அதில் உண்டு. அந்தப் புகையைச் சின்ன வயதில் மொட்டை மாடியில் நின்று பார்த்தவன் அவன்.

ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை. அடிவாரத்தில் வனத்துறை கேட். பையைத் திறக்கச் சொன்னார்கள். புளிச்சோறு, தண்ணீர், அம்மா வைத்துவிட்ட சூடம், தீப்பெட்டி.

"தம்பி, இதை மேல கொண்டு போகக் கூடாது."

"எங்க ஊர் தீப்பெட்டிண்ணே..."

"இங்க வர்ற எல்லாமே உங்க ஊர் தீப்பெட்டிதான்" என்று சிரித்தபடி, பக்கத்தில் குவிந்திருந்த பெட்டிகளோடு அதையும் போட்டார் காவலர்.

அதற்குக் காரணம் கேட் தாண்டியதுமே தெரிந்தது. மாசியில் காடு காய்ந்து கிடந்தது. காலடியில் சருகு நொறுங்கியது. பக்கத்துத் தேனி மாவட்டத்தில், குரங்கணி மலையில் 20 பேருக்கு மேல் காட்டுத் தீயில் சிக்கி இறந்ததும் இப்படி ஒரு காய்ந்த நாளில்தான், 2018 மார்ச் 11. தண்ணீரும் இங்கே சும்மா விடவில்லை. 2015 மே மாதம் இதே சதுரகிரியில் ஓடைகளில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் இறந்தார்கள். அதன் பிறகு பல வருடம் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டித்தான் மலையேற விட்டார்கள்.

வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை... மூச்சு வாங்க வாங்க ஏறினான். ஒரு திருப்பத்தில் சிவப்பாக ஏதோ தெரிய, தீயோ என்று நெஞ்சு திக்கென்றது. பார்த்தால் இலவ மரம்! ஒரு இலை இல்லை, மரம் முழுக்கப் பூ. தீக்குச்சி செய்ய உதவும் மரங்களில் அதுவும் ஒன்று. கிளையில் பெரிய சாம்பல் நிற அணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. இதற்காகவே 1988-ல் இங்கே சரணாலயம் அறிவித்தார்கள். 2021-ல் அது புலிகள் காப்பகமாகவும் ஆனது.

அங்கே உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தபோதுதான் அம்மா சொல்வது ஞாபகம் வந்தது. ஆலை வாசலிலும் இதே சோதனைதான். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. தீயை வைத்துப் பிழைக்கிற ஊர், தீயை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறது. காவலர் பயப்படுவதால்தான் காடு நிற்கிறது. அப்படியென்றால் போர்மேனுக்கும் பயம் இருப்பது நல்லதுதானே?

சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கினான். வீடு வந்து சேர்ந்தபோது ராத்திரி எட்டு மணி.

"சூடம் ஏத்துனியாய்யா?"

"கேட்லயே வாங்கிட்டாங்கம்மா." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான். "உங்க ரூம்ல எத்தனை பேரும்மா வேலை பாக்குறீங்க?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை.

"நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுய்யா."

இருக்கக் கூடாது... எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அம்மா சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டு, பயிற்சியில் சேர்வதாகச் சொன்னான்.