ரோமிலி

சண்டே மார்க்கெட்டில் 1:50 அளவு சொலிதோ ஷெர்மன் டாங்கி ஒன்று கிடைத்தது. பீரங்கிக் குழல் முறிந்து, மேலே யாரோ பூசிய சிவப்பு எனாமல். பேரன் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுக்கு ஆகும் என்று வாங்கினேன்.

பெயின்ட் ரிமூவர் தடவி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பால்பாயின்ட் பேனாவின் உலோக ரீஃபிலை அறுத்துக் குழலாக ஒட்டினேன். பச்சை அடித்து, பக்கவாட்டில் 'ரோமிலி' என்று பிரெஞ்சில் எழுதினேன். 1944 ஆகஸ்ட் 24 இரவு, பாரீஸ் நகரசபை முன் வந்து நின்ற லெக்லேர் படையின் மூன்று ஷெர்மன்களில் ஒன்று அது.

அடித்தகட்டில் ஆணியால் கீறிய ஒரு பெயர், குழந்தைக் கையெழுத்தில். அதையும் தேய்க்கப் போய் நிறுத்திவிட்டேன்.

"யாரு தாத்தா இது?"

"இதோட முதல் சொந்தக்காரன்டா."

அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் அடிக்கவில்லை.