வாயிலிற் கேட்கும் வினா

சிறை சென்று மீண்ட இளைஞனுக்குக் கல்லூரி வாயில் திறக்கப்படல் வேண்டுமா என்னும் வினாவை விழா மலரில் எழுப்புதல் சிலர்க்கு அபசகுனமாகத் தோன்றலாம். தோன்றினும் எழுப்புகின்றோம்.

எமது கரையோரத்தை நோக்குக. 2012ஆம் ஆண்டளவிற் சிலாபம் முதலாய துறைகளிலிருந்து அவுஸ்திரேலியா நோக்கிப் படகேறியோர் பலர். திருப்பியனுப்பப்பட்டோர் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றில் நிறுத்தப்பட்டனர். மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட 2020இன் பின்னர், கற்பிட்டிக் கடலிலே மஞ்சள் மூடைகளும் பீடியிலைக் கட்டுகளும் அடிக்கடி பிடிபட்டன. யாம் அறிந்தவரை, மூடை சுமந்தவன் கூலிக்குப் போன பையன். முதலாளி கரையிலே இருப்பான். அப்பையன் மீண்டும் படிக்க விரும்பின் எம்மிடமே வருகின்றான். அதிபர் எழுதும் நன்னடத்தைச் சான்றிதழின் ஒரு சொல் அவன் தலையெழுத்தாகின்றது.

இந்துக் கல்லூரியொன்று முன்னரே வழிகாட்டியுள்ளது. 2009இற் போர் முடிந்தபின், இயக்கத்திலிருந்த சிறுவர் சிறுமியர் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியிலே தங்கிப் பயின்றனர். 2010இற் புனர்வாழ்வு நிலையங்களிலிருந்து 300க்கு மேற்பட்டோர் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். அச்சிறாரைக் குற்றவாளிகள் என்பது அநியாயம். எனினும் ஊரார் பார்த்த பார்வை ஒன்றே. தமிழ்நாட்டிலே, மரணதண்டனைக் கைதியாய் வேலூர்ச் சிறையிலிருந்த பேரறிவாளன் 2012இற் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 1200க்கு 1096 புள்ளிகள் பெற்றார். சிறைச்சுவரும் மூளையை அடைப்பதில்லை.

"எங்கள் பிள்ளைக்கு அருகே கள்ளனையா இருத்துவீர்?" என்று பெற்றார் கேட்பர். அவ்வச்சத்தை யாம் இகழோம். இங்கிலாந்திற் பல்கலைக்கழக விண்ணப்பங்களைத் திரட்டும் யூகாஸ் நிறுவனம் 2018இற் பெரும்பாலான கற்கைநெறிகளுக்குக் குற்றப்பதிவு பற்றிய வினாவை நீக்கியபோதும், மருத்துவம், ஆசிரியம் போன்றவற்றிற்கு அதனை விட்டுவைத்தது. இப்பாகுபாடு எமக்கு உடன்பாடே. ஆனால் கரைவலைக் கயிற்றை அவனோடு சேர்ந்து இழுக்கும் ஊரார், அவனுடன் ஒரே வாங்கில் தம் பிள்ளை அமர்வதற்கு அஞ்சுவதேன்? இராவணவதத்தின் தோஷம் நீங்க இராமபிரான் வழிபட்டார் என்று ஐதிகம் கூறும் முன்னேச்சரம் நம் கரையிலன்றோ உளது!

வயது கடந்தோர்க்கு, 1980இல் நிறுவப்பெற்ற திறந்த பல்கலைக்கழகம் சாதாரணதரச் சித்தி கேளாத அடித்தளக் கற்கைகளை வைத்துள்ளது. அதனை அறிந்தோர் சிலரே; பழைய மாணவர் இதனைப் பரப்புதல் நன்று.

மற்றொன்று எம் கைக்கெட்டிய தூரத்திலுள்ளது. எமது சங்கத்தின் உதவிப்பண விண்ணப்பப் படிவத்திலே, "நீதிமன்றில் எப்போதாயினும் தண்டிக்கப்பட்டதுண்டா?" என்பது ஏழாம் வினா. வறுமையாற் படகேறியவன் அவ்விடத்திலேயே பேனாவை மூடிவைத்து எழுந்து போகின்றான். அடுத்த பொதுக்கூட்டத்தில் அவ்வினாவை நீக்கும் பிரேரணையை யாம் முன்வைக்கவிருக்கின்றோம். வழிமொழிய ஒருவர் வேண்டும்.