ஆடாதவனுக்கு விலை

2008 மார்ச்சில், ஐ.பி.எல். ஆரம்பிப்பதற்கு ஒரு மாதம் முன்பு, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை ஜெயித்துவிட்டு வந்திருந்த பையன்களை அணிகள் முறை வைத்துப் பிரித்துக்கொண்டன. ஏலம் அல்ல. சம்பளம் முன்கூட்டியே நிர்ணயமானது. யார் யாரை எடுப்பது என்பதுதான் கேள்வி. முதல் முறை டெல்லிக்கு வந்தது. டெல்லி, பிரதீப் சங்வான் என்கிற இடதுகை வேகப்பந்துக்காரரை எடுத்தது. உலகக் கோப்பை ஜெயித்த அணியின் காப்டனும் டெல்லிப் பையனுமான விராட் கோலி பெங்களூருக்குப் போனார். இதைச் சொல்லிச் சிரிக்காத கிரிக்கெட் ரசிகன் இல்லை. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. டெல்லியிடம் அப்போது சேவாக், கம்பீர், தவன், டி வில்லியர்ஸ் எல்லோரும் இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது பந்து போட ஆள். தன் தேவையைப் பார்த்தார்கள், பையனைப் பார்க்கவில்லை என்று வேண்டுமானால் குறை சொல்லலாம். ஆனால் பின்னால் நடந்ததைத் தெரிந்துவைத்துக்கொண்டு முன்னால் செய்த தேர்வைப் பரிகசிப்பது விமர்சனம் ஆகாது. நம்முடைய இலக்கிய சரித்திரங்கள் பெரும்பாலும் இந்தப் பரிகாசத்தைத்தான் செய்துகொண்டிருக்கின்றன என்பது என் அபிப்ராயம்.

இந்த விஷயத்தில் எனக்கு நேரடி சம்பந்தம் உண்டு. வேதாரண்யத்தில் நாங்கள் ஆறு பேர் ஏழெட்டு வருஷமாக ஒரு காகித லீக் நடத்திவருகிறோம். வங்கி கவுண்டரில் உட்காரும் நான், ஒரு தபால்காரர், ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு மருந்துக்கடைக்காரர், அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் கணக்கெழுதும் ஒருவர், தேத்தாகுடிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர். அசல் ஏலத்துக்குச் சில நாள் முன்னால் எங்கள் ஏலத்தை முடித்துவிடுவோம். ஆளுக்கு நூறு கோடி, ஆகாயத்தில். சீசன் நடக்கும்போது ஓட்டத்துக்கு ஒன்று, விக்கெட்டுக்கு இருபது, காட்சுக்கு எட்டு என்று புள்ளி ஏறும். கடைசி ஆள் மற்ற ஐவருக்கும் புரோட்டா வாங்கித்தர வேண்டும். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். எங்கள் நீள நோட்டுக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை.

இம்மாதிரி நிழல் லீக்குகளில் மூத்தவற்றுள் ஒன்று 1963ல் அமெரிக்காவில் ஓக்லண்டில் தொடங்கியது. அவர்கள் கால்பந்து என்று சொல்கிற, ஆனால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு. அந்த ஆட்டத்தில் ஆண்டுதோறும் கல்லூரிப் பையன்களை முறை வைத்து எடுப்பது ஒரு பெரிய திருவிழா. 2000ல் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி பிறகு ஏழு முறை பட்டம் வென்றார். இதைச் சொல்லி அவர்களும் சிரித்துக்கொள்கிறார்கள்.

ராபர்ட் கூவர் 1968ல் ஒரு நாவல் எழுதினார். பி.ஏ.வில் ஆங்கிலம் படித்ததால் கைக்கு வந்து சேர்ந்த சில நல்ல காரியங்களில் அது ஒன்று (பாடத்திட்டம் வழியாக அல்ல). ஹென்றி வா என்ற கணக்கர், வீட்டில் தனியாக உட்கார்ந்து, பகடையை உருட்டி ஒரு முழு பேஸ்பால் லீக்கை நடத்துகிறார். ஆட்டக்காரர்களுக்குப் பெயர், வயசு, பரம்பரை, சாவு எல்லாம் உண்டு. அதில் டேமன் ரூதர்ஃபோர்டு என்று ஒரு புதுமுகம் எழும்பி வருகிறான். கணக்கர் அவன்மேல் உயிரையே வைத்துவிடுகிறார். பகடை அவனைக் கொன்றுவிடுகிறது. விதிகள் அவருடையவை, மாற்றினால் கேட்க ஆளில்லை. மாற்ற முடியாமல் அவர் உடைந்துபோவதுதான் நாவல். எங்கள் லீக்குக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இது: எங்கள் பகடை மனித உடம்பு. 2021 ஏப்ரலில் நடராஜனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது எங்கள் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே வாரம் தவறாமல் பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கள் லீக்கில் ஒரு விதி நான் சேர்த்தது. ஒவ்வொருவரும் ஐ.பி.எல்.லில் ஒரு பந்துகூட ஆடாத இரண்டு பேரையாவது எடுக்க வேண்டும். எடுத்த காரணத்தை ஒரே வாக்யத்தில் பெயருக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். விலையை அடித்துத் திருத்தலாம், காரணத்தைத் திருத்தக்கூடாது. ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். 'என்ன சார், பரீட்சையா வைக்கிறீங்க?' என்றார் மருந்துக்கடைக்காரர்.

இப்போது அந்தக் காரணங்களை மொத்தமாகப் படித்துப் பார்த்தால், முக்கால்வாசி ஒரே ஜாதி. 'இன்னொரு பும்ரா.' 'சின்ன ரெய்னா.' 'அஷ்வின் மாதிரி, ஆனால் உயரம்.' பார்க்காதவனைப் பற்றிப் பேசும்போதுதான் மனிதனுக்கு உவமை தேவைப்படுகிறது. பார்த்தவனுக்கு அது வேண்டியதில்லை, கண்டதைச் சொன்னால் போதும். நம் பத்திரிகைகளில் முதல் தொகுப்பு போடும் கவிஞனுக்கு நாம் எழுதிக்கொடுக்கிற வாக்யங்களை இந்த நோட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். எத்தனை இன்னொரு மௌனிகள், எத்தனை இன்னொரு நகுலன்கள். எல்லாம் விலை, ஒன்றும் காரணமில்லை.

விதிவிலக்காக ஒரு வாக்யம் நோட்டில் இருக்கிறது. அது எழுதப்பட்ட சூழ்நிலையையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடிகாலை கஜா புயல் எங்கள் கரையில்தான் ஏறியது. தேத்தாகுடி தோப்புக்காரருக்குத் தோப்பு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசாங்கம் அறிவித்த தொகை 1,100 ரூபாய்: மரத்துக்கு 600, அதை வெட்டி அப்புறப்படுத்த 500. தாத்தா வைத்த மரம் அறுநூறு, அதன் பிணத்தைத் தூக்க ஐந்நூறு என்று அவர் ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த மாதம் எங்கள் ஏலம். வேண்டாமென்றுதான் இருந்தோம். அவர்தான் நடத்தியாக வேண்டும் என்றார். எமர்ஜென்சி விளக்கில் நடந்தது. அவர் வருண் சக்கரவர்த்தியை மூன்று கோடிக்கு எடுத்தார். மதுரை அணிக்காக அந்த வருஷத்து டி.என்.பி.எல்.லில் ஆடியவர், கட்டடக் கலைஞராக வேலை பார்த்துவிட்டு, விக்கெட் கீப்பராகவும் பிறகு வேகப்பந்துக்காரராகவும் இருந்துவிட்டு, கடைசியில் சுழலுக்கு வந்த மனிதர். எங்களுக்கு மூன்று கோடி அபத்தமாகப் பட்டது. அவர் எழுதிய காரணம்: 'மணிக்கட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, விரலில் வைத்திருக்கிறான்.'

அப்புறம் விளக்கினார். தென்னங்கன்று பொறுக்கும்போது உயரத்தைப் பார்க்கிறவன் ஏமாந்துபோவான். நிழலில் நின்ற கன்று நெட்டையாக வளர்ந்திருக்கும். கழுத்துப் பருமனைப் பார்க்க வேண்டும், மட்டை சீக்கிரம் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை கையில் இருப்பது இந்த இரண்டு மூன்று அடையாளங்கள்தான். நான் ஆங்கில விமர்சகர்களிடம் தேடிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை இவர் புயலில் எல்லாம் போன பிறகு உட்கார்ந்து சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 18ஆம் தேதி ஜெய்ப்பூரில் அசல் ஏலம். அடிப்படை விலை இருபது லட்சம். பஞ்சாப் அணி 8.40 கோடிக்கு வருணை எடுத்தது. தோப்புக்காரர் அன்று ராஜா மாதிரி நடந்தார். 2019 மார்ச்சில் கொல்கத்தாவில் வருணின் முதல் ஆட்டம். முதல் ஓவரிலேயே 25 ஓட்டம். அந்த சீசன் முழுதும் அவர் ஆடியது அந்த ஒரே ஆட்டம்தான், எடுத்தது ஒரு விக்கெட். புரோட்டாச் செலவு தோப்புக்காரர் தலையில் விழுந்தது. அந்த வருஷ முடிவில் கொல்கத்தா அவரை நாலு கோடிக்கு, பாதிக்கும் குறைந்த விலைக்கு, எடுத்தது. 2020ல் 17 விக்கெட். 2025 மார்ச்சில் நியூஜிலாந்துக்கு எதிராக துபாயில் ஐந்து விக்கெட் எடுத்தபோது மட்டையாளர்கள் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டரைக் கோடி தப்பா, நாலு கோடி தப்பா என்பது கணக்குப் பிள்ளைகளின் கேள்வி. அந்த வாக்யம் 2019 தோல்வியிலும் சரியாக இருந்தது, 2020 வெற்றியிலும் சரியாக இருந்தது. விலை வாங்குகிறவனின் பயத்தையும் ஆசையையும் அவன் பையில் மிச்சமிருக்கும் பணத்தையும் பற்றிச் சொல்கிறது. சாய் சுதர்சனை 2022ல் குஜராத் இருபது லட்சத்துக்கு எடுத்தது. மறு வருஷம் டி.என்.பி.எல். ஏலத்தில் கோவை 21.60 லட்சம் கொடுத்தது. உள்ளூர் சந்தையில் அதிக விலை! 2025 ஐ.பி.எல்.லில் 759 ஓட்டம் எடுத்து எல்லோருக்கும் மேலே நின்றது அதே ஆள்தான். நடராஜனுக்கு 2017ல் பஞ்சாப் கொடுத்தது மூன்று கோடி. எடுத்தது இரண்டே விக்கெட். ஹைதராபாத் நாற்பது லட்சத்துக்கு வாங்கி இரண்டு வருஷம் உட்காரவைத்தது. 2020ல் எழுந்து வந்து யார்க்கர் யார்க்கராகப் போட்டு, வலைப்பந்து போடப் போன ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக இறங்கினார். அந்த யார்க்கர் புதிதல்ல, 2016 டி.என்.பி.எல்.லிலேயே திண்டுக்கல்லுக்காகப் போட்டுக்காட்டியதுதான். சின்னப்பம்பட்டியில் பார்த்தவர்கள் அதற்கும் முன்பே பார்த்திருப்பார்கள்.

செல்லப்பா 1962ல் 'புதுக்குரல்கள்' கொண்டுவந்தபோது அதில் 24 பேர். அதையும் ஒரு புதுமுகத் தேர்வு என்று பார்க்கலாம். பசுவய்யா, தருமு சிவராமு, சி. மணி, வைதீஸ்வரன், வேணுகோபாலன் பெயர்களை இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மற்றவர்கள்? அவர்கள் செல்லப்பாவின் தோல்வி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு கவிதையில் ஒரு கழுத்துப் பருமனைப் பார்த்திருக்கிறார், போட்டிருக்கிறார். க.நா.சு.வின் பட்டியல்களைப் பற்றி எனக்கு அவ்வளவு தாராளம் இல்லை. பெயர்கள் பெரும்பாலும் சரி. ஆனால் காரணம் எழுதாத நோட்டு அது. சரியாகப் போன பட்டியலிலிருந்து அடுத்தவன் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. அடுத்த பட்டியலுக்காகக் காத்திருக்கத்தான் முடியும்.

எதையும் பணயம் வைக்காமல், இருபது வருஷம் கழித்து எழுதலாம் என்று இருக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. அது ஜாக்ரதை, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், 2024 நவம்பரில் ஜெட்டாவில் பதிமூன்று வயதுப் பையன் வைபவ் சூர்யவன்ஷிக்கு 1.10 கோடி விலை ஏறியபோது எனக்குக் கொஞ்சம் குமட்டியது. ஆறு மாதத்துக்குள் 35 பந்தில் நூறு அடித்துவிட்டான். குமட்டல் தப்பென்று இப்போதும் எனக்குப் படவில்லை. நூறு அடிக்காமல் போயிருந்தால் அந்தப் பதிமூன்று வயசு அந்த விலையை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கும்?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் எங்கள் நோட்டில் உள்ளூர்ப் பையன் ஒருவன் பெயர் ஏறியது. இந்தத் தாலுகாக்காரன், மாவட்ட லீக்கில் மிதவேகம் போடுகிறவன், டி.என்.பி.எல். தேர்வுக்குப் போய்வந்திருந்தான். பிரியத்தினால் பள்ளி ஆசிரியர் பெயரைச் சொன்னார். அடிப்படை விலைக்கு அவரே எடுத்தார். வேறு யாரும் கை தூக்கவில்லை, நானும் தூக்கவில்லை. விஷயம் அவன் காதுக்குப் போய்விட்டது. அம்மாவின் நகைக்கடனுக்கு வட்டி கட்ட வந்தவன் கவுண்டரில் நின்று கேட்டான்:

'என் பேர நோட்டுல எழுதிருக்கீங்களாமே அண்ணே. நீங்க ஏன் எடுக்கல?'

பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சிரித்து மழுப்பியிருக்கலாம். நான் அவன் போட்டு மூன்று ஆட்டம் பார்த்தவன். சொன்னேன். 'ஒன் மெதுவான பந்து கையிலேர்ந்து வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது தம்பி. தோள் தாழ்ந்துடுது.'

கொஞ்ச நேரம் ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'எந்தத் தோளு?' என்றான்.

'இடது.'

தலையாட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவன் போட்டதைப் பார்த்தேன். தோள் தாழவில்லை, ஆனால் வேகமும் கொஞ்சம் போயிருந்தது. மூன்றாவது வாரம் அவன் இல்லை. சிங்கப்பூரில் கட்டட வேலை கிடைத்துவிட்டது, மீட்க வேண்டிய நகை இருந்தது. இப்போது மாதாமாதம் பணம் வருகிறது, நகையும் திரும்பிவிட்டது. தோளைச் சரிசெய்துகொண்டு வேகத்தைத் திரும்பப் பிடித்திருப்பானா, நான் சொன்னது அவனுக்கு உதவியதா, அவன் கையைக் கட்டியதா என்பது இனித் தீராத வழக்கு. 24 பேரில் மற்றவர்கள் விஷயமும் அநேகமாக இதுதான்.

ஆசிரியர் அவன் பெயரை எடுக்க மறுக்கிறார். ஒவ்வொரு வருஷமும் புது நோட்டில் முதல் வரியாக, அடிப்படை விலையில், தானே எழுதிவிடுகிறார். விதிப்படி காரணமும் எழுத வேண்டும் என்று சொன்னேன். 'போன மாசம் போன் பண்ணான், அங்க ஞாயித்துக்கெழமை ஆடுறானாம்' என்று எழுதினார். அது காரணம் ஆகாது என்று மருந்துக்கடைக்காரர் ஆட்சேபித்தார். வாக்கெடுப்பில் மூன்றுக்கு மூன்று.