கணினிக்கும் கைபேசிக்கும் நடுவே: சில குறிப்புகள்

கேபிள், வைஃபை, புளூடூத், இணையம் என்று தரவை அனுப்ப வழிக்குப் பஞ்சமில்லை. அனுப்பியது அந்தப் பக்கம் அதே பொருளில் படிக்கப்படுகிறதா என்பதில்தான் வேலையே இருக்கிறது.

*

1996இல் வந்த கையடக்கக் கருவி பாம் பைலட். தாங்கியில் செருகி ஒரு பட்டனை அழுத்தினால் முகவரியும் நாட்குறிப்பும் கணினியோடு ஒத்துப்போகும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண், மாறியதற்கு ஒரு அடையாளம், அழித்ததற்கு ஒரு அடையாளம். இன்றைய ஆப்கள் பலவற்றிலும் இதே யோசனையைப் பார்க்கலாம்.

*

சேர்ப்பதைவிட அழிப்பது கடினம். கணினியில் ஒரு பெயரை நீக்குகிறோம். கைபேசியில் அது இருக்கிறது. நீக்கிய தடயம் எங்கும் இல்லையென்றால், அடுத்த ஒத்திசைவில் அது புதுப்பெயர் போலத் திரும்பி வந்துவிடும். "இது நீக்கப்பட்டது" என்ற குறிப்பை இரு பக்கமும் பார்த்து முடிக்கும்வரை காப்பாற்றியே ஆக வேண்டும்.

*

+91 சேர்த்த தொடர்பு எண்கள் உள்ள சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேராகத் திறக்கக் கூடாது. கூட்டல் குறி போய்விடும்; 12 இலக்கமும் அடுக்குக்குறி எண்ணாகச் சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிட்டால் எண்கள் பிழைக்கும்.

*

யுடிஎஃப்-8இல் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஆண்ட்ராய்டில் கோப்புப் பெயரின் எல்லை பொதுவாக 255 பைட். தமிழில் 85 குறிகள், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. விண்டோஸ் எண்ணுவது பைட்டை அல்ல. அங்கே சிக்கலில்லாமல் இருந்த நீண்ட தமிழ்த் தலைப்பு கைபேசியில் ஏற மறுப்பது இதனால்தான். தமிழுக்கு எழுதுகிற நிரலாளர் இதைக் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

*

பல ஆப்களின் தரவு எஸ்க்யூலைட் கோப்பில் இருக்கிறது. சில சமயம் பக்கத்திலேயே '-wal' என்று முடியும் இன்னொரு கோப்பு இருக்கும். கடைசியாக எழுதியவை பிரதானக் கோப்பில் சேராமல் அதில் காத்திருக்கலாம். ஆப் ஓடும்போது பிரதானக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் கடைசிப் பதிவுகள் வராமல் போகலாம்.

*

இரண்டு பக்கமும் ஒரே பதிவைத் திருத்தினால் எது நிற்பது? "கடைசியாகச் சேமித்ததே சரி" என்பது எளிய விதி. ஆனால் அது ஒருவர் உழைப்பைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். சிங்க்திங் என்ற ஒத்திசைவு நிரல் இரண்டு கோப்புகளையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயரில் முரண் என்று குறிக்கிறது. முடிவெடுக்கும் உரிமை தரவுக்குச் சொந்தக்காரருக்கே. நான் மதிக்கும் வழி அது.

*

புது நிரல் எதுவானாலும் முதலில் 'எக்ஸ்போர்ட்' இருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பதிவுகளை வெளியே எடுத்து, கைபேசியில் ஏற்றி, திரும்பவும் கணினிக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். பத்தும் மாறாமல் வந்தால் அதை நம்பி வேலையைத் தொடங்கலாம்.