ஃபுல் டாங்க் அடித்த கிழமை

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

2023 செப்டம்பர் 1ஆம் திகதி கியூஆர் முறையை நிறுத்தினார்களே, அந்தக் கிழமைதான் நாங்கள் ஷெட்டுக்குப் போய் ஃபுல் டாங்க் அடித்தோம். ஒரு வருடத்துக்கு மேல் அப்படி அடித்ததே இல்லை. 2022இல் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது, பிறகு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கோட்டா வந்தது. பின்னால் கோட்டாவைக் கூட்டினார்கள், எங்கள் சம்பளத்தை யாரும் கூட்டவில்லை. எப்படியோ டாங்க் முள்ளு பாதியைத் தாண்டாமலே காலம் போனது.

ஃபுல் அடித்த அடுத்த நாள் காலையில் காருக்குள் பெற்றோல் மணம். ஷெட்டில் கொஞ்சம் வெளியே சிந்தியிருக்கும் என்று நினைத்தோம். இரண்டாம் நாளும் அடித்தது. அப்போதுதான் டிக்கியில் வைத்திருந்த கேன் ஞாபகம் வந்தது. கியூ நாட்களில் நாங்களும் ஒரு கேனில் பத்து லீற்றர் சேர்த்து வைத்தவர்கள்தான். வீடுகளில் எண்ணெய் சேர்த்து வைத்துத் தீப்பற்றிய செய்திகளை வாசித்துக்கொண்டே வைத்திருந்தோம், அல்லாஹ் காப்பாற்றினான். கேன் எப்போதோ காலி. இருந்தாலும் டிக்கி காபெட்டைக் கழற்றிக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் போட்டோம். ஓட ஓட மணமும் குறைந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று அடுத்த முறையும் ஃபுல் அடித்தோம். திரும்பவும் மணம்.

பிறகு ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். பிளக் மாற்றினார்கள், இன்ஜெக்டர் கழுவினார்கள், பில் தந்தார்கள். "பழைய கார்தானே சேர், அப்படித்தான்" என்றார்கள். நாங்களும் நம்பினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு அப்போது நம்மில் யாரிடம் புதுக் கார் இருந்தது? மல்லிகை வாசனை எயார் ஃப்ரெஷ்னர் ஒன்று வாங்கித் தொங்கவிட்டோம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஏனென்றால் அந்த நாட்களில் எங்கள் சின்ன மகள் தென்னக்கும்புர பாலம் வருமுன்னே "சத்தி வருது வாப்பா" என்பாள். பின் சீட்டில் அவளோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் வருவார்கள். அவர்கள் எதுவும் சொல்லவில்லை. மகளுக்குக் கார் ஒத்துவரவில்லை என்று எலுமிச்சம்பழம் கொடுத்தோம், காலையில் சாப்பிடாமல் வருகிறாள் என்று ஏசினோம். எங்களுக்கு மணம் தெரியவே இல்லை. மூக்கு பழகிவிட்டது.

ஒரு நாள் வகுப்பில் ஒரு பையன் எழும்பி, "சேர், ஷெட்டுக்குப் போய்ட்டா வாறீங்க? உடுப்பு மணக்குது" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பின்னேரமே பலகொல்ல பக்கம் இருக்கும் ஒரு வயதான பாஸிடம் போனோம். அவர் பொனட்டைத் திறக்கவில்லை. சிங்களத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மணம் டாங்க் நிறைய இருக்கும்போதா, குறைய இருக்கும்போதா?" யோசித்துப் பார்த்தால் ஃபுல் அடித்த ஒவ்வொரு முறையும்தான். அதிலும், எங்கள் ஒழுங்கையின் ஏற்றத்தில் இரவு நிறுத்தி வைத்த மறுநாள் காலையில்தான் அதிகம். "அப்படியென்றால் இன்ஜினில் தேட வேண்டாம், டாங்குக்கு மேலே பார்ப்போம்" என்றார்.

காரை வெளியே, திறந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். குழிக்கு மேலே ஏற்ற விடவில்லை. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், குழியில் இறங்கித் தேங்கி நிற்கும். சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பற்றக்கூடிய சாமான் அது. நான்கு கதவையும் திறந்து, பற்றரி வயரைக் கழற்றி, அதற்குப் பிறகுதான் பின் சீட்டைத் தூக்கினார்.

சீட்டுக்குக் கீழே ஒரு தகர மூடி. அதைத் திறந்தால் டாங்கின் மேல் பக்கம், பெற்றோல் பம்ப் பொருத்திய தட்டு. தட்டைச் சுற்றியிருந்த தூசி ஈரமாகக் கறுத்துக் கிடந்தது. பம்புக்குப் போகும் கரண்ட் வயரும் அதே தட்டில்தான். அதற்கு நேர் மேலேதான் பிள்ளைகள் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள்.

தட்டுக்கு அடியில் இருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. முன்பு யாரோ பம்ப் மாற்றும்போது புது வளையம் போடாமல் சிலிக்கன் பூசி மூடியிருக்கிறார்கள். சாதாரண சிலிக்கன் பெற்றோலில் ஊறி, வீங்கி, கழன்று வரும். பாஸ் அதை நகத்தால் உரித்துக் காட்டினார். டாங்க் பாதியாக இருக்கும்போது ஆவி மட்டும் கொஞ்சம் கசிந்திருக்கும். நிறைந்து, ஏற்றத்தில் சாய்ந்து நிற்கும்போது எண்ணெயே தட்டைத் தொட்டுக் கசிகிறது. கோட்டா இருந்த காலமெல்லாம் இந்தப் பழுது எங்களுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்தது அதனால்தான்.

வளையம் கண்டியில் கிடைக்கவில்லை, பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பித்தோம். அது வரும் வரை மூன்று நாள் எல்லோரும் திகன பஸ்ஸில் தொங்கினோம். "இப்போதைக்குப் பழையதையே போட்டுத் தாங்களேன்" என்று கேட்டுப் பார்த்தோம். பாஸ் முடியாது என்றுவிட்டார். வளையத்தின் விலை, இன்ஜெக்டர் கழுவிய காசில் கால்வாசிகூட இல்லை.

போட்ட அன்றே ஃபுல் அடித்து, ஏற்றத்தில் நிறுத்தி வைத்தோம். எயார் ஃப்ரெஷ்னரையும் கழற்றி எறிந்தோம். சுபஹுக்குப் பிறகு மகளைத்தான் முதலில் ஏறச் சொன்னோம். பின் சீட்டில் முகத்தை வைத்து மோந்து பார்த்துவிட்டு, "இல்ல வாப்பா" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் உம்மாவிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். பிள்ளைகளின் உடுப்பில் ஒரு மாதமாக மணம் இருந்தது அவருக்குத் தெரியுமாம். "சும்மா கூட்டிட்டுப் போறீங்க சேர், அதை எப்படி வந்து சொல்ற?" என்றார்.