ராத்திரிக்கு ஓர் ஆள்

தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு காயையும் எடுத்து, திருப்பி, காம்பைப் பார்த்து, பூச்சி துளைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அப்புறம்தான் தட்டில் போடுவார்கள். நானும் அந்த ஜாதிதான். அரைக் கிலோ கத்தரிக்காய்க்குக் கால் மணி நேரம் செலவழிக்கிறவன். அப்பேர்ப்பட்ட நான், எழுபத்தெட்டு வயதான என் அக்காவை இரவும் பகலும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்தது நாலே நிமிஷத்தில். அதுவும் டெலிபோனில்.

அக்காவுக்குச் சேலையூரில் சொந்த வீடு. அத்தான் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் டொராண்டோவில், மகள் சிட்னியில். இருவரும் தினந்தோறும் செல்போன் திரையில் வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துவிடுவார்கள். ஆனால் முகத்தைப் பார்க்கத்தான் முடியும். கையைப் பிடித்துப் பாத்ரூமுக்கு அழைத்துப் போக முடியாது. அந்தப் பாத்ரூமில்தான் ஒரு நாள் விடியற்காலை அக்கா வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. ஒரு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், "வீட்டுக்கு அழைத்துப் போகலாம். ஆனால் ராப்பகலாகப் பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும்" என்று சொல்லி மருந்துச் சீட்டையும் பில்லையும் கையில் கொடுத்தார்கள்.

நான் இருப்பது குரோம்பேட்டையில். என் மனைவிக்கு முழங்கால் வலி. எனக்கோ எழுதவேண்டிய தொடர்கதை. இப்படி நாங்கள் இரண்டு பேரும் நல்ல காரணங்களுடன் தயாராக இருந்தோம். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. 'முதியோர், நோயாளிகளைக் கவனிக்க 24 மணி நேர ஆள் கிடைக்கும்.' எண்ணைச் சுழற்றினேன்.

"நர்ஸ் வேணுமா சார், அட்டெண்டர் போதுமா?" என்றது ஒரு குரல்.

"என்ன வித்தியாசம்?"

"ரேட்டுதான் சார் வித்தியாசம்."

அப்போது சிரித்தேன். வித்தியாசம் அது மட்டுமல்ல என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். நர்ஸ் என்றால் அவர் பெயர் மாநில நர்ஸுகள் கவுன்ஸிலின் பதிவேட்டில் இருக்கவேண்டும். சென்னை ராஜதானியில் 1926-லேயே சட்டம் போட்டு ஏற்படுத்திய ஏற்பாடு அது. பதிவு எண் என்ன என்று நாம் கேட்கலாம். கேட்டால் நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார். அட்டெண்டர் என்ற பெயருக்கோ யாரும் உரிமை கொண்டாடலாம். மாதக்கணக்கில் பயிற்சி பெற்றவரும் அட்டெண்டர்தான். நேற்று ஊரில் பஸ் ஏறி இன்று காலை வந்து இறங்கியவரும் அட்டெண்டர்தான்.

மறுநாள் ஒரு துணிப்பையுடன் அந்த அம்மாள் வந்து சேர்ந்தாள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பது வயது இருக்கும். ஒரு மாதப் பணத்தை ஏஜென்ஸிக்கு முன்பணமாகக் கட்டினேன். ஆதார் நகலை வாங்கிக்கொண்டேன். போட்டோ எடுத்துக்கொண்டேன். அக்காவின் நகைகளை பாங்க் லாக்கருக்கு அனுப்பினேன். பீரோச் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எல்லா ஜாக்கிரதையும் செய்தாகிவிட்டது என்ற திருப்தியோடு குரோம்பேட்டைக்குத் திரும்பி நன்றாகத் தூங்கினேன். நான் பூட்டியது பீரோவைத்தான். மருந்து டப்பாவை அல்ல.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. தினம் சாயங்காலம் நான் போவேன். ஒவ்வொரு வேளைக்கும் மாத்திரைகளை எடுத்து டப்பாவின் அறைகளில் போட்டு வைப்பேன். அக்கா பழைய கதைகள் பேசுவாள். ஆனால் இரண்டாவது வாரத்தில் அவள் பேச்சு குறைந்தது. நான் போகும் நேரமெல்லாம் கண் சொருகியபடி கிடந்தாள். ஸ்பூனைப் பிடித்த கை நழுவியது. என்னைப் பார்த்து, "அத்தான் சாப்பிட்டாச்சா?" என்றாள்.

"அம்மா ராத்திரியெல்லாம் நல்லாத் தூங்கறாங்க, ஐயா" என்றாள் அந்த அம்மாள். நானும் சந்தோஷப்பட்டேன். டொராண்டோவுக்கு அந்த நல்ல சேதியைச் சொல்லவும் செய்தேன்.

பத்தொன்பதாம் நாள் தற்செயலாக மேஜை டிராயரைத் திறந்தேன். தூக்க மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. பத்து மாத்திரைகள். 'மிகவும் அவசியமானால் மட்டும் பாதி' என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த மாத்திரை. நான் அதை டப்பாவில் போடவே இல்லை. அட்டை காலியாக இருந்தது.

கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

"ஆமாங்கய்யா, குடுத்தேன்."

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"ராத்திரிக்கு எட்டு வாட்டி, பத்து வாட்டி எழுப்புறாங்க. பகல்லயும் கண்ணை மூட முடியல. கீழ விழுந்துட்டா என்னைத்தான கேப்பீங்க? எனக்கும் தூக்கம் வேணும் இல்லீங்களா? நானும் மனுஷிதானுங்களே?"

அவள் கண்கள் சிவந்து, அடியில் கருவளையம் விழுந்திருந்தது. பத்தொன்பது நாளில் அன்றைக்குத்தான் அவள் முகத்தை நான் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். ஆனால் அப்போது எனக்கு வந்தது கோபம்தான். ஒரு மணி நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். நான் கட்டிய பணத்தில் அவள் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்கவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அக்காவைக் கிண்டிக்கு அழைத்துப் போனேன். முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை ஒன்று 2024-ல் அங்கே திறக்கப்பட்டிருக்கிறது, இருநூறு படுக்கைகள். சென்னைக்கு இந்த வைத்தியம் புதிதல்ல. டாக்டர் வி. எஸ். நடராஜன் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியது 1978-ல். டாக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். வயதானவர்களுக்குத் தூக்க மாத்திரை அளவு மீறினால் புத்தி குழம்பும், கால் தடுமாறும், சாப்பாடு புரையேறும். ஒரு தடவை எலும்பு முறிந்தவர் மறுபடி விழுந்தால் ஆபத்து என்று விளக்கினார். பிறகு மருந்துப் பட்டியலைக் கேட்டார். என் கையெழுத்தில் அழகாக எழுதி வைத்திருந்ததை எடுத்து நீட்டினேன்.

"கால் வீக்கத்துக்குக் கொடுக்கிற இந்த மாத்திரையை ஏன் ராத்திரியில் கொடுக்கிறீர்கள்? இது நீரைப் பிரிக்கிற மருந்து. காலையில் கொடுத்தால் பகலில் போய்விடும். ராத்திரி கொடுத்தால் பாவம், அவர்கள் எழுந்துகொண்டேதானே இருப்பார்கள்?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது சாயங்காலம். அன்றைக்கு முதல் மாத்திரையை ராத்திரி கொடுத்தோம். அப்படியே 'இரவு' என்று எழுதி வைத்துவிட்டேன். சீட்டில் 'காலை' என்றுதான் இருந்தது. ஆகவே எட்டு வாட்டி, பத்து வாட்டி எழுப்பியது அக்கா அல்ல, நான்.

அன்று மாலை அக்காவை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு மாற்றுத்துணி எடுத்து வர ரயில் ஏறினேன். சானடோரியம் ஸ்டேஷனில் வண்டி நின்றது. இந்த வழியில் ஆயிரம் தடவை போயிருக்கிறேன். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் காசநோயாளிகளுக்காக இங்கே ஆரம்பித்த ஆரோக்கிய நிலையத்தின் பெயர்தான் ஸ்டேஷனுக்கு. 1937-ல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. நல்ல காற்றுக்கும் ஓய்வுக்குமாக எங்கெங்கிருந்தோ ஜனங்கள் தாம்பரத்துக்கு வந்த காலம் அது. நான் நினைத்தது வேறு. ஆஸ்பத்திரியில் காலைக்கு ஒரு நர்ஸ், மாலைக்கு ஒரு நர்ஸ், ராத்திரிக்கு ஒரு நர்ஸ் என்று முறை வைத்து மாறுகிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று பேர். அதே நோயாளி வீட்டுக்கு வந்ததும் மூன்று பேர் வேலையை ஒருத்தி செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். '24 மணி நேர ஆள்' என்று நோட்டீஸில் போட்டிருந்தபோது, அப்படி ஓர் ஆள் உலகத்தில் உண்டா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவது தடவை கத்தரிக்காய்க்குக் கொடுக்கும் நேரத்தைவிட அதிகமாகவே கொடுத்தேன். பகலுக்கு ஒருத்தி, இரவுக்கு ஒருத்தி என்று முடிவு செய்தோம். செலவு கூடத்தான் ஆயிற்று. டொராண்டோவும் சிட்னியும் பங்கு போட்டுக்கொண்டன. வந்தவர்கள் முன்பு வேலை பார்த்த வீடுகளின் விலாசத்தை வாங்கி, ஒரு வீட்டுக்கு நேரிலேயே போனேன். "நல்லவளா?" என்று கேட்டால் எல்லாரும் "நல்லவள்தான்" என்பார்கள். அதனால், "எதற்காக வேலையை விட்டாள்? ராத்திரி கூப்பிட்டால் எழுந்து வந்தாளா? மருந்து யார் கையில் இருந்தது?" என்று கேட்டேன்.

தாம்பரத்துக்கென்று 2022 ஜனவரியிலிருந்து தனிப் போலீஸ் கமிஷனரேட் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வருகிறவர்மேல் வழக்கு ஏதும் உண்டா என்று சரிபார்த்துத் தரும்படி தமிழ்நாடு போலீஸுக்கு இணையதளத்திலேயே மனுப் போடலாம். அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். தாராளமாகப் போடுங்கள் என்றார்கள்.

இதெல்லாம் வேண்டும். ஆனால் இது போதுமா? 2022 மே மாதம் மயிலாப்பூரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அமெரிக்காவிலிருந்து திரும்பிய வயதான தம்பதியை அவர்களுடைய கார் டிரைவரே கொன்றுவிட்டதாகச் செய்தி வந்தது. அவன் அந்த வீட்டுக்கு அந்நியன் அல்ல. பல வருஷம் வேலை பார்த்தவன். காகிதம் நேற்று வரைக்கும் உள்ளதைத்தான் சொல்லும். நாளைக்குக் காவல், நாலு பேர் வந்து போகிற வாசல்தான். பக்கத்து வீட்டு அம்மாள் தினம் ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் எட்டிப் பார்க்கிறாள். மாத்திரைகளை வாரத்துக்கு ஒரு முறை எண்ணுகிறேன். கொடுத்த நேரத்தை எழுத ஒரு நோட்டு இருக்கிறது. அக்காவிடம் தனியாக உட்கார்ந்து பேசுகிறேன். முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவள் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வருகிறவளும் முன்பின் தெரியாத வீட்டுக்குள்தான் நுழைகிறாள். அவளுக்கு நம்மிடம் நற்சான்று கேட்க வழியில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-லிருந்து நல வாரியம் இருக்கிறது. அதில் பெயர் பதிந்திருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் பதியச் சொல்லவேண்டியது நம் கடமை. சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதி, லீவு என்றைக்கு, எந்த வேலை அவளுடையது, எது அல்ல என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

ராத்திரிக்கு வந்தவள் பெருங்களத்தூர்க்காரி. நான் என் கேள்விகளையெல்லாம் கேட்டு முடிக்கும்வரை பேசாமல் இருந்தாள். கடைசியில், "நான் ஒண்ணு கேக்கலாங்களா, ஐயா? அம்மா ராத்திரி எத்தனை வாட்டி எழுந்திருப்பாங்க?" என்றாள்.

அந்தக் கேள்வியிலேயே அவளுக்குத் தொழில் தெரியும் என்று புரிந்துவிட்டது. திண்டிவனத்து அம்மாளுக்கு இதை நான் சொல்லவே இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது. "இப்போது நாலைந்து வாட்டி" என்றேன். மாத்திரையைக் காலைக்கு மாற்றியதில் பாதியாகக் குறைந்திருந்தது.

"வாரத்துல ஒரு ராத்திரி எனக்கு லீவு வேணும். அன்னிக்கு யாருங்க பார்ப்பாங்க?"

"நான்" என்றேன், கொஞ்சம் வீரமாகவே.

ஞாயிற்றுக்கிழமை இரவு என்னுடையது. அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறேன். முதல் ஞாயிறு சுலபமாகப் போயிற்று. ஒரு புது அனுபவமாகக்கூட இருந்தது. மூன்றாவது ஞாயிறு அக்காவுக்கு என்னவோ தூக்கமே வரவில்லை. "தம்பி, தண்ணி." "தம்பி, காலை நீட்டி விடு." "தம்பி, வாசல்ல யாரு?" விடியற்காலை மூன்று மணிக்குள் ஏழு தடவை எழுந்துவிட்டேன். எட்டாவது தடவை அவள் கூப்பிட்டபோது நான் பதில் சொல்லாமல், தூங்குகிறவனைப் போலப் படுத்திருந்தேன். அவள் மறுபடி கூப்பிட்டாள். எழுந்தேன். மேஜையிடம் போனேன். டிராயரைத் திறந்தேன்.

டிராயர் காலியாகத்தான் இருந்தது. அந்த மாத்திரையை டாக்டர் நிறுத்தி ஒரு மாதமாயிற்று, எனக்கே தெரியும். இருந்தும் கை அங்கேதான் போயிற்று.

டிராயரை மூடிவிட்டு அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எந்தக் கிராமம் என்று அந்த அம்மாளிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவள் ஆதார் நகல் என்னிடம் இருந்தது, விலாசத்தோடு. பொழுது விடிந்ததும் அதைத் தேடி எடுத்தேன். பத்தொன்பது நாள் சம்பளத்தை அந்த விலாசத்துக்கு மணியார்டரில் அனுப்பிவிட்டு, ரசீதுக்காகக் காத்திருக்கிறேன்.