பாலர் கீழ்ப்பிரிவு

அறுபதுகளில் திருநெல்வேலி டவுனில் எந்தத் தெருவில் நடந்தாலும் இலங்கை வானொலிதான் கேட்கும். எங்கள் வீட்டு ரேடியோவில் திருச்சி கரகரக்கும். கொழும்பு கணீரென்று வரும். அறிவிப்பாளர் மயில்வாகனன் குரலுக்காகவே ரேடியோ வாங்கினவர்கள் உண்டு. மற்றவர்களுக்கு அது சினிமாப் பாட்டு. எனக்கு அது நான் படித்த பள்ளிக்கூடம் இருக்கிற ஊரின் சத்தம். பாட்டுக்கு நடுவே நேரம் சொல்வார்கள். ‘இந்நேரம் அங்கே பணிஸ் கொடுத்திருப்பார்கள்’ என்று மனசுக்குள் கணக்குப் போடுவேன்.

தாமிரபரணிக்கரை ஜனங்கள் இலங்கைக்குப் போனது இரண்டு விதமாக. தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் எழுதிவிட்டார். கடைக்குப் போனவர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. அதில் கண்ணீர் குறைவு என்று நினைத்திருக்கலாம். கொழும்புப் புறக்கோட்டையில் கடைப்பிள்ளையாகச் சேர்ந்து, கணக்கப்பிள்ளையாகி, இரண்டு வருஷத்துக்கொருதரம் சோப்பும் சீத்தைத் துணியுமாக ஊருக்கு வந்து போவார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில்தான். எங்கள் அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. “வருஷத்துக்கு ஒரு மணியார்டர்தான் புருசன்னா எனக்கு வேண்டாம்” என்று ஆச்சியிடமே சொன்னாளாம். அப்படித்தான் அக்காவும் நானும் கொட்டாஞ்சேனையில் ஒரு வளவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு அப்போது நாலு வயசு.

அப்பாவுக்கு நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதுகிற வேலை. வத்தல், கொத்தமல்லி, வெங்காயம், அதோடு மாசிக் கருவாடு. சைவ வீட்டுப் பிள்ளை தினமும் மாசி வாடையோடு வீடு திரும்புவார். வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்லி அம்மா நிற்பாள்.

ஒரு விஜயதசமியன்று செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலில் வைத்து எனக்கு ஏடு தொடக்கினார்கள். ஜனவரியில் பள்ளிக்கூடம். அங்கே அப்போது ஒண்ணாம் வகுப்புக்கு முன்னால் இரண்டு படி இருந்தன: பாலர் கீழ்ப்பிரிவு, பாலர் மேற்பிரிவு. ஜெர்மனியில் ஃபுரோபெல் என்பவர் 1840இல் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பெயர் வைத்து ஆரம்பித்த காரியம், வெள்ளைக்காரன் வழியாகக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே எனக்காகக் காத்திருந்தது என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது மணல் தட்டு ஒன்றுதான். ரீச்சர் என் விரலைப் பிடித்து மணலில் ‘அ’ போடுவார். நான் தட்டைக் குலுக்குவேன். எழுத்து காணாமல் போகும். அதிலே எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எழுதுவதைவிட அழிப்பதற்காகவே பள்ளிக்கூடம் போனேன் என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

எண்ணுவதற்கு மஞ்சாடி விதை. ரத்தச் சிவப்பில் வழவழவென்றிருக்கும். கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். அம்மா துணி துவைக்கும்போது ஒவ்வொன்றாகக் கீழே விழும். மறுநாள் தாளில் மடித்துக் கொடுத்து அனுப்புவாள். ரீச்சர் வாங்கி வைத்துக்கொண்டு, “ராசா, இதுக்குக் கால் முளைச்சிருக்கோ?” என்பார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. வீட்டில் ‘ஏல’ என்றே கூப்பிட்டுக் கேட்ட பிள்ளைக்கு ‘ராசா’ என்ற கூப்பாடு எப்படி இருந்திருக்கும்!

பத்து மணி வாக்கில் பணிசும் பாலும் வரும். பணிஸ் என்றால் நம்மூர் பன். பால் என்றால் மாவுப் பால்; கட்டி தட்டியிருக்கும். பணிஸ் மட்டும் அன்றைக்குச் சுட்டது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முஸ்லிம் பையன். பாலை நான் குடிக்க வேண்டும், அதற்குப் பதிலாக அவன் பணிசில் பாதி எனக்கு. இந்த ஒப்பந்தம் கடைசிவரை முறியவில்லை. இரண்டு அரசாங்கங்கள் பிற்பாடு போட்ட ஒப்பந்தத்தைவிட அது மேல்.

ஆடிவேல் திருவிழா அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருந்ததா இல்லையா என்பது நினைவில்லை. வேல் பம்பலப்பிட்டிக்குப் போவதைப் பார்க்க அப்பாவின் தோள்மேல் இருந்தேன். எதிரே டிராலி பஸ் ஒன்று வழிவிட்டு நின்றுகொண்டிருந்தது. டிராலி பஸ்ஸும் 1964இல் நின்றுபோனது. நான் நினைத்துப் பார்க்கிறதெல்லாம் இப்படி வரிசையாக இல்லாமல் போனவைதான்.

ஒருநாள் விளையாட்டில் தோற்ற பையன் ஒருவன் என்னைப் பார்த்துக் “கள்ளத்தோணி” என்று கத்தினான். எனக்கு அர்த்தம் தெரியாது; அவனுக்கும் தெரிந்திருக்காது. தோணி என்றதும் எனக்குப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்து, “நான் கள்ளத்தோணி, நான் கள்ளத்தோணி” என்று வளவு முழுக்கச் சுற்றினேன். அப்பா என்னை அடித்த ஞாபகம் அது ஒன்றுதான்.

பெரியவர்களுக்கு விஷயம் தெரியும். திருட்டுத்தனமாகத் தோணியேறி வந்தவன் என்று ஏசுகிற வார்த்தை அது. 1948ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டம் வந்தபிறகு இந்திய வம்சாவளி ஜனங்கள் பெரும்பாலும் எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லை. கடைக்காரர்கள் தற்காலிக வதிவிட அனுமதியில் இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதைப் புதுப்பிக்க வேண்டும். 1963இல் அப்பாவுக்குப் புதுப்பித்துக் கிடைக்கவில்லை. மறுவருஷம் அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. அது தோட்டத்து ஜனங்களை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. எங்களைப் போலக் கடைத்தெருக்காரர்கள் அதற்கு முன்பே சில்லறை சில்லறையாகக் கழிந்துகொண்டிருந்தோம்.

நான் பாலர் மேற்பிரிவுக்கு வந்து நாலு மாசம்கூட ஆகியிருக்காது. கோட்டை ஸ்டேஷனில் ராத்திரி ரயில், தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் இறக்கம். சுங்கத்தில் அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். பித்தளைப் பாத்திரத்துக்குள்ளிருந்து மஞ்சாடி விதை உருண்டது. நான் பயந்து அழுதேன். திருட்டுச் சாமான் என்று பிடித்துக்கொள்வார்களோ என்று. அந்த அதிகாரி ஒரு விதையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டார். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. நாங்கள் இறங்கின இடத்தைக் காட்டச் சொன்னால் கடலைத்தான் காட்ட வேண்டும்.

ஊரில் என் படிப்புக்கு மதிப்பில்லை. பாலர் வகுப்பு என்றால் என்னவென்று டவுன் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டேன். “சரி, ஒண்ணாங்கிளாஸ்” என்றார் வாத்தியார். இரண்டு காலண்டர் வருஷத்து மணல் தட்டும் அந்த ஒரு காதைத் தொடுவதற்குச் சமம்! முதல் வாரம் “ரீச்சர்” என்று நான் கூப்பிட, வகுப்பே சிரித்தது. எதிரே நின்றவர் மீசை வைத்த சார்.

இங்கேயும் மத்தியானம் சாப்பாடு உண்டு. காமராஜர் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தது. பசி அடங்கும், ஆனால் பணிசில் பாதி கொடுக்க ஆளில்லை. குறுக்குத்துறைக்கு ஆச்சி கூட்டிப்போனபோது படித்துறையில் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தேன். வளவுக் குழாயடியில் வரிசையில் நின்று குளித்த பிள்ளைக்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு, யாருடையது என்று புரியவில்லை. ஒரு கோடை போனபிறகு ஆற்றிலிருந்து என்னைக் கரையேற்றத்தான் ஆள் தேவைப்பட்டது. ஆறு வயசுப் பிள்ளை எந்த ஊரையும் அவ்வளவு சுலபமாக மறந்துவிடும். சொதி மட்டும்தான் இரண்டு ஊரிலும் இருந்தது. சடங்கு வீட்டில் சொதி ஊற்றும்போதெல்லாம் அம்மா கொழும்புக் கதை எடுப்பாள்.

நான் இங்கே எழுதியதில் எவ்வளவு என் ஞாபகம், எவ்வளவு அம்மா சொல்லிச் சொல்லி என் ஞாபகமாக ஆனது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் திராணியில்லை. அவள் போனபிறகு சொல்ல ஆளில்லாமல், இருந்ததும் தேய்கிறது. 1983 ஜூலையில் புறக்கோட்டை எரிந்ததை அதே ரேடியோவில் கேட்டோம். அப்பா அன்றைக்கு நாலாம் குறுக்குத் தெருவின் கடைகளை வரிசையாகப் பேர் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு பக்கம் முடித்துவிட்டு எதிர்ப் பக்கம் என்று. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்கள். தை பிறக்கட்டும், போய் வருவோம் என்று இருந்தேன். தைக்குள்ளே கப்பல் நின்றுவிட்டது.

இப்போது மிச்சம் அக்காதான். சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். ரீச்சர் நெட்டையாக இருப்பார், பச்சைச் சேலை கட்டுவார், என் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிடுவார் என்றேன்.

“ஏல, அது டீச்சர் இல்லலே. பணிஸ் குடுக்க வர்ற ஆயா. உன் டீச்சர் குட்டை, கண்ணாடி போட்டிருப்பாங்க.”

நான் ஒத்துக்கொள்ளவில்லை.

“போல, உனக்கு அப்ப அஞ்சு வயசு. உனக்கென்ன தெரியும்?” என்கிறாள். இவளுக்கு மட்டும் என்ன வயசாம், ஒன்பதுதானே?